நிறம் மட்டும் மாறிய கார்

அத்தியாயம் 9

கார் இன்றைக்கும் இடது பக்கமே இழுத்தது. சின்னு ஸ்டீயரிங்கைச் சற்று வலது பக்கம் திருப்பிப் பிடித்தபடியே ஓட்டப் பழகிவிட்டாள். கடைவீதியில் அடம்பிடிக்கும் பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவது போல, தினமும் காலையில் அவள் அந்தக் காரை வேலைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

வாங்கிய புதிதில் இதெல்லாம் உறைக்கவில்லை. மகளோடு பஸ்ஸுக்காக மழையில் நின்ற வருஷங்களுக்குப் பிறகு, வீட்டு வாசலில் சொந்தமாக ஒரு கார். அதுவும் அன்னியர் யாரும் விற்றதில்லை. அடிபட்ட கார்களை நிமிர்த்திப் பெயின்ட் அடிக்கும் பட்டறை வைத்திருக்கும் அத்தான் பார்த்துக் கொடுத்தது. "ரிட்டயரான டாக்டர் ஒருத்தர் ஓட்டினது. குழந்தை மாதிரி வச்சிருந்தார். பேப்பர் வேலையெல்லாம் நானே பாத்துக்கறேன்" என்றார். அக்காவும் பக்கத்தில் நின்று தலையை ஆட்டினாள். அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

பிறகு ஒவ்வொன்றாகத் தலைகாட்ட ஆரம்பித்தது. பெருமழையில் பின்கதவு வழியாகத் தண்ணீர் கசிந்து உள்ளே குளம் கட்டியது. போன வாரம் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்சீட்டில் உட்கார்ந்த மகள் குட்டியின் பாதத்தில் கண்ணாடித் துகள் ஏறியது. கால்மிதியைத் தூக்கிப் பார்த்தால், கம்பளத்தின் இழைகளுக்குள் கற்கண்டைத் தூவினாற்போல இன்னும் நிறையத் துகள்கள்.

"டாக்டர் வீட்டுல ஏதாவது மருந்து பாட்டில் உடைஞ்சிருக்கும்" என்று போனில் சிரித்தார் அத்தான்.

சின்னுவும் சிரித்துவைத்தாள். சொந்த அக்கா புருஷனைச் சந்தேகப்பட அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

அவள் வேலை பார்க்கும் பிசியோதெரபி மையத்தில் வழக்கமான இடத்தில் வேறு யாரோ வண்டியை நிறுத்தியிருந்தார்கள். வாசல் சரிவுப் பாதையை ஒட்டித் தன் காரை நிறுத்திவிட்டு உள்ளே போனாள்.

பாட்டு டீச்சர் அவளுக்கு முன்பே வந்து, நடைக் கம்பிகளுக்கு நடுவில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

பாட்டு டீச்சரை மையத்தில் எல்லோருக்கும் பிடிக்கும். விபத்தில் இடுப்பும் தொடையும் உடைந்து, எலும்பில் உலோகத் தட்டும் திருகாணியும் வைத்து, படுத்த படுக்கையாக வந்தவர். வலிக்கும்போது அழமாட்டார். வாய்க்குள் ஏதாவது ஒரு மெட்டை முணுமுணுப்பார். வலி கூடக் கூடச் சுருதியும் ஏறும். "இன்னைக்கு டீச்சர் உச்சஸ்தாயிக்குப் போயிட்டாங்க" என்று மற்ற நோயாளிகள் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். அதே விபத்தில் ஒரே பையனைப் பறிகொடுத்தவர் என்பது சின்னுவுக்குத் தெரியும். அவர் அதைப் பற்றிப் பேசியதில்லை; இவளும் கிளறியதில்லை.

"இன்னைக்குக் கம்பி வேண்டாம் டீச்சர். கைத்தடியோட வெளியே போறோம்."

"வெளியேவா? விழுந்தா?"

"நான் எதுக்கு இருக்கேன்?"

கதவைத் தாண்டி வெயிலுக்கு வந்ததும் டீச்சருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. சின்னு சுற்றிலும் பார்த்தாள். நடக்கிறவர்களுக்கு ஓர் இலக்கு வேண்டும். எங்கே நிறுத்துவது என்று தெரியாவிட்டால் பயம் வந்துவிடும்.

"அதோ சாம்பல் கலர்ல ஒரு கார் நிக்குது பாருங்க. என்னோடதுதான். அது வரைக்கும் போய்த் தொட்டுட்டு வரணும். சரியா?"

"தொட்டா என்ன தருவீங்க?"

"ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போறேன்."

டீச்சர் நடந்தார். வலது காலை வைக்கும்போது உடம்பு சாய்ந்தது. சின்னுவின் கை அவர் முதுகுக்குப் பின்னால் படாமல் கூடவே வந்தது. முணுமுணுப்பு ஏறிக்கொண்டே போனது. கடைசி எட்டில் எட்டிப் பிடித்துவிட்டார். காரின் முன்பக்கத்தில் உள்ளங்கையை அழுத்தி, மூச்சு வாங்கச் சிரித்தார்.

"தொட்டுட்டேன் மேடம்! எங்க தம்பி பாத்தா நம்பவே மாட்டான்!"

சின்னு கைதட்டினாள். டீச்சர் தடியை ஊன்றித் திரும்பினார். அவர் பார்வை கீழே நம்பர் பலகையில் விழுந்தது.

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"இது யார் கார்?"

"என்னோடதுதான் டீச்சர். இப்பதானே சொன்னேன்."

"வெள்ளையா இருந்துச்சே" என்றார் டீச்சர்.

சின்னுவுக்குப் புரியவில்லை. டீச்சர் காரைப் பிடித்துக்கொண்டே பக்கவாட்டில் நகர்ந்தார். வலிக்கும் காலை மறந்துவிட்டு நகர்ந்தார். இடது பக்கப் பின்கதவின் முன் நின்று, "திறங்க" என்றார். சின்னு திறந்தாள். டீச்சர் தலையை உள்ளே விட்டு, முன்சீட்டின் முதுகில் இருந்த பிளாஸ்டிக் பலகையை விரலால் தடவினார்.

அங்கே ஒரு மீன் இருந்தது. காம்பஸ் முள்ளால் கீறியது. வாங்கிய அன்றே குட்டி அதைக் கண்டுபிடித்து, "டாக்டர் தாத்தா வரைஞ்சதா?" என்று கேட்டாள். மீனுக்குக் கண் இல்லையே என்று பாவப்பட்டு, பச்சைப் பேனாவால் ஒரு கண்ணும் வைத்துவிட்டாள்.

"கண் யார் வச்சது?" என்றார் டீச்சர்.

"என்... என் பொண்ணு."

"அவன் வைக்கல. காரைக் கிறுக்கினதுக்கு நான் கைல ஒரு அடி போட்டேன். அதோட விட்டுட்டான்." டீச்சரின் குரல் பாடம் ஒப்பிப்பது போல ஏற்ற இறக்கமில்லாமல் வந்தது. "நான்தான் ஓட்டினேன். இந்தப் பக்கம்தான் லாரி வந்து விழுந்துச்சு. அவன் இங்கதான் உட்காந்திருந்தான்."

சின்னுவுக்குக் குட்டியின் பாதத்திலிருந்து இடுக்கியால் எடுத்த துகள் நினைவுக்கு வந்தது. அதை வாஷ்பேசினில் போட்டுத் தண்ணீர் திறந்துவிட்டிருந்தாள்.

"காரை நொறுக்கியாச்சுன்னு சொன்னாங்க மேடம். ஒரு துண்டுகூட மிச்சமில்லன்னு சொன்னாங்க. அதைக் கேட்ட அப்புறம்தான் எனக்குத் தூக்கமே வந்துச்சு. இதை யார் உங்களுக்குக் கொடுத்தது?"

சின்னு வாயைத் திறந்தாள். "விசாரிச்சுட்டு வந்து சொல்றேன்" என்று மட்டும் வந்தது.

"போய்ட்டு வாங்க. நான் எங்கயும் போகல. இங்கயே இருக்கேன்."

அந்தக் காரில் ஏற அவளுக்குக் கால் வரவில்லை. பஸ் நிறுத்தத்துக்கு நடந்துகொண்டே கணவனுக்குப் போன் செய்தாள். அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். ஒற்றுப்பிழை ஒன்று விட்டுப்போனால் ஒரு வாரம் வருந்துவான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"கத்தாதே. பக்கத்துல ஆள் இருக்காங்க."

"நம்ம குட்டி அந்த இடத்துல உட்கார்ந்துதான் தினமும் போறா. கேக்குதா உங்களுக்கு?"

"கேக்குது. இப்ப என்ன பண்ணணும்ங்கற? போனவன் திரும்பி வரப் போறதில்ல. உங்க அக்கா வீட்டோட முறைச்சுக்கிட்டா நாளைக்கு நமக்குன்னு யார் இருக்கா? அந்த டீச்சரை எப்படியாவது சமாதானப்படுத்தி அனுப்பு. காரை ஓசைப்படாம வித்துடலாம்."

"யாருக்கு?"

"யாருக்காவது. தெரியாதவங்களுக்கு."

பஸ் வந்தது. அவள் போனை அணைத்துவிட்டு ஏறினாள். அவன் திரும்ப அழைக்கவில்லை.

பட்டறையில் ஒரு வேனின் கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தார்கள். பெயின்ட் வாடையும் இரும்பு தீயும் வாடையும் மூக்கில் ஏறின. அத்தான் உப்புத்தாளால் ஒரு மட்கார்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். இவளைப் பார்த்ததும், "வாம்மா! காரை எங்க விட்டுட்டு வந்த?" என்றார்.

"பாட்டு டீச்சரோட காரை மையத்துல விட்டுட்டு வந்தேன் அத்தான். டாக்டர் காருன்னு சொன்னீங்களே, அது எங்க இருக்கு?"

உப்புத்தாள் நின்றது. அவர் இல்லை என்று சொல்வார், அல்லது அதிர்ந்து போவார் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தாள். அவர் இரண்டும் செய்யவில்லை. மாடிப்படியைப் பார்த்து, "இங்க கொஞ்சம் வா, உன் தங்கச்சி வந்திருக்கா" என்று குரல் கொடுத்துவிட்டு, துணியில் கையைத் துடைத்தார்.

"யாராவது ஏதாவது சொல்லத்தான் செய்வாங்க. நீ போய் அந்தக் காரைத் தடவிப் பாரு. எங்க வெட்டினேன், எங்க ஒட்டினேன்னு காட்டு பாப்போம். இடது பக்கம் பூராவும் அப்பளமா நொறுங்கி வந்துச்சு. கூரையையே அறுத்துத் தூக்கினேன். வேற எவனும் தொட்டிருக்கமாட்டான்." அவர் குரலில் வெட்கம் இல்லை. பெருமைதான் இருந்தது.

"மறுபடி அடிபட்டா அத்தான்? ஒட்டின இடம் தாங்குமா?"

"எதுக்கு அடிபடுது? பாத்து ஓட்டினா எல்லாம் நல்ல வண்டிதான்."

அக்கா படியிறங்கி வந்தாள். தலையைக் கொண்டையாக முடிந்தபடியே வந்தாள். விஷயம் என்னவென்று கேட்கவில்லை. மேலேயே காதில் விழுந்திருக்கும்.

"உனக்கும் தெரியுமா அக்கா?"

"தெரியும்."

இப்படி ஒரே வார்த்தையில் வரும் என்று சின்னு நினைக்கவில்லை.  அப்போதுதான் அவளுக்கு அந்தக் கடற்கரை நாள் பளிச்சென்றது. இரண்டு குடும்பமும் சேர்ந்து போனார்கள். இவள் காரில் பின்சீட் காலியாகவே இருந்தும், அக்கா தன் பிள்ளைகளைப் பஸ்ஸில் அழைத்து வந்தாள். "கார்னா இதுங்களுக்கு வாந்தி வரும்" என்றாள்.

"உன் பிள்ளைங்களுக்கு வாந்தி வராதுல்ல?"

அக்கா கொண்டையை இன்னொரு சுற்று இறுக்கினாள்.

"சொல்லு அக்கா. உன் பிள்ளைங்களை ஏத்தாத வண்டில என் பொண்ணு போகலாமா?"

"ஏன், நீ பெத்தது மட்டும் தங்கமா?" அக்கா குரலை உயர்த்தவே இல்லை. "அவர் டாக்டர்னு ஒரு கதை சொன்னார். நீ என்ன கேட்ட? டாக்டர் யாரு, எங்க இருக்கார்னு ஒரு கேள்வி கேட்டியா? இந்தக் கலர் அழுக்கு தெரியாதான்னு கேட்ட. உனக்குக் கார் வேணும். அதுவும் எங்க தலையைத் தடவிக் கம்மியா வேணும். படிச்சவ இல்ல நீ? என் கல்யாணத்துல உன் கூட்டாளிங்ககிட்ட 'தகரக் கடை மாப்பிள்ளை'ன்னு சொல்லிச் சிரிச்சவதானே? தகரக் கடையில தகரம்தான் கிடைக்கும்."

"அப்ப எனக்குப் பதினேழு வயசு அக்கா."

"எனக்கு இருபது. காதுல விழுந்துச்சு."

சின்னு அக்காவையே பார்த்தாள். சின்ன வயதில் இவளுக்குத் தலை பின்னி, காய்ச்சலில் இரவெல்லாம் மடியில் போட்டுக்கொண்ட அக்கா. அந்த முகத்தில் கோபம்கூட இல்லை. வெகுநாளாகச் சேர்த்து வைத்ததை இறக்கி வைத்தவள் போல நிம்மதியாக இருந்தாள்.

"நான் அந்த டீச்சர்கிட்ட எல்லாத்தையும் சொல்லப் போறேன்."

"சொல்லேன்" என்றார் அத்தான். "கார் யார் பேர்ல இருக்கு? உன் பேர்ல. கேஸுன்னு வந்தா முதல்ல உன் வீட்டுக் கதவைத்தான் தட்டுவாங்க. உன் வேலைக்குத்தான் வேட்டு. நோயாளி காரையே அமுக்கிட்டாள்னு உன்னைத்தான் பேசுவாங்க."

சின்னு திரும்பி நடந்தாள். தெருமுனை வருவதற்குள் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அக்கா கைப்பையோடு வந்துகொண்டிருந்தாள்.

"நில்லு. நானும் வரேன். உனக்குப் பேசத் தெரியாது, எதையாவது உளறி வைப்ப. அந்த அம்மாகிட்ட நான் பேசிக்கறேன்."

"நீ என்னத்தைப் பேசுவ?"

"கவலைப்படாதே. நான் சொன்னா கேப்பாங்க."

முன்பின் தெரியாதவரிடம் இவளுக்கு என்ன இத்தனை தைரியம் என்று பஸ்ஸில் சின்னு யோசித்தாள். பக்கத்தில் அக்கா ஜன்னல் காற்றில் கண்ணை மூடிக்கொண்டு வந்தாள்.

மையத்தில் மதியக் கூட்டம் வடிந்திருந்தது. பாட்டு டீச்சர் உள்ளே போகவே இல்லை. சரிவுப் பாதையின் நிழலில் சக்கர நாற்காலியைப் போட்டு, காரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். யாரோ கொடுத்த தண்ணீர்ப் பாட்டில் மடியில் திறக்கப்படாமலே கிடந்தது. காலடி கேட்டுத் திரும்பினார்.

அவர் பார்வை சின்னுவைத் தாண்டிப் போய் அக்காவின் மேல் நின்றது. கண்கள் விரிந்தன. இரண்டு கைகளையும் நீட்டினார்.

"அம்மா! நீங்களா?"

அக்கா வேகமாக முன்னால் போய் அந்தக் கைகளைப் பற்றிக்கொண்டு, நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"மேடம், இவங்களை உங்களுக்கு எப்படித் தெரியும்?" டீச்சரின் கண் நிரம்பிவிட்டது. "நான் ஆஸ்பத்திரில கிடந்தப்ப, காரை நொறுக்கணும்னு சொல்லிச் சாவி கேட்டு வந்தாங்க. கூட வந்தவர் கட்டில் பக்கம்கூட வரல, கதவுகிட்டயே நின்னுட்டார். இவங்கதான் என் தலையைத் தடவிக் கொடுத்தாங்க. பையன் பேரைக் கேட்டாங்க. என்னைக் கட்டிக்கிட்டு அப்படி அழுதாங்க. எங்க சொந்தக்காரங்க எல்லாம் 'நீதானே ஓட்டின, நீதானே ஓட்டின'ன்னு என்னைக் குத்திக்கிட்டிருந்தாங்க. இவங்க ஒருத்தர்தான் எனக்காக அழுதது."

சின்னு அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

அக்காவுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பொய்க் கண்ணீர் இல்லை. கன்னம் நனைய, மூக்கு சிவக்க, உண்மையாகவே வந்தது. அதுதான் சின்னுவைக் கொன்றது. வாங்க வேண்டியதை வாங்கிக்கொள்ளும்போதும் அக்காவுக்கு உண்மையாகவே அழ வந்தது.

"நான் இவளோட அக்கா டீச்சர்" என்றாள் அக்கா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "நொறுக்கறதுக்குன்னு சொல்லித்தான் எங்ககிட்ட சாவி வாங்கிட்டு வரச் சொன்னாங்க. நாங்க வெறும் ஆள்தானே, வாங்கிக் கொடுத்துட்டோம். எவனோ எடுத்து ஒட்டுப் போட்டு, எங்க தலையிலயே கட்டிட்டான். எங்களையும்தான் ஏமாத்திட்டாங்க. இப்ப கேள்விப்பட்டதும் ஓடி வந்துட்டேன்."

டீச்சர் சின்னுவை நிமிர்ந்து பார்த்தார். "அப்படியா மேடம்?"

வேலை போய்விடும். குட்டியின் பள்ளிக்கூட வாசலில் நின்று ஊர் பேசும். கணவன் முகம் கொடுக்கமாட்டான். எல்லாம் ஒரே நொடியில் சின்னுவின் தலைக்குள் ஓடி முடிந்தது. அவள் பேசவில்லை.

டீச்சர் அந்த மௌனத்தை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். "பாவம், நீங்களும் ஏமாந்துட்டீங்க. கலங்காதீங்க மேடம்" என்று அவர் சின்னுவுக்கு ஆறுதல் சொன்னார். "எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். அதுல ஒரு தடவை உட்காரணும். அவன் இடத்துல."

அக்கா உடனே எழுந்தாள். சின்னுவின் கையிலிருந்து சாவியை எடுத்து இடது பக்கப் பின்கதவைத் திறந்தாள். டீச்சரின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, காலை மடக்கி, மெல்ல உள்ளே உட்கார வைத்தாள். நோயாளியை எப்படித் தூக்க வேண்டும் என்று படித்த சின்னு கைகட்டி நின்றாள். படிக்காத அக்கா ஒரு சுளிப்பு வராமல் அதைச் செய்து முடித்தாள்.

டீச்சர் சீட்டை உள்ளங்கையால் தேய்த்தார். பிறகு முணுமுணுக்க ஆரம்பித்தார். இந்த மெட்டை சின்னு கேட்டதே இல்லை. இது வலிக்கான மெட்டு இல்லை. ஒரு குழந்தையைத் தூங்க வைக்கிற மெட்டு.

அக்கா கதவைப் பிடித்தபடி சின்னுவைத் திரும்பிப் பார்த்தாள். ஈரக் கண்ணால், 'முடிஞ்சுதா?' என்பது போல ஒரு சின்னத் தலையசைப்பு. இனி இந்தக் கார் இப்படியே போகும். யாரோ தெரியாதவர்கள் வாங்குவார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளை செருப்பைக் கழற்றிவிட்டு இங்கே உட்காரும்.

சின்னு காருக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தாள்.

"டீச்சர், அன்னைக்கு இவங்க கூட வந்தவர் கதவுகிட்ட நின்னார்னு சொன்னீங்களே. பாத்தா அடையாளம் தெரியுமா?"

முணுமுணுப்பு நின்றது. "நல்லாத் தெரியும். கையெல்லாம் பெயின்ட்டா இருந்துச்சு. ஏன் மேடம்?"

"சின்னு..." என்றாள் அக்கா. அந்தக் குரலில் முதல் தடவையாகப் பயம் இருந்தது.

"அவர் யாருன்னு நான் சொல்லட்டுமா அக்கா?" என்று கேட்டாள் சின்னு. "இல்ல, அன்னைக்கு மாதிரி இவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு நீயே சொல்றியா?"